மூன்று பிடிக் கேழ்வரகு

கங்கையம்மன் கூழுக்குத் தலைக்கு ஒரு பிடி கேழ்வரகு. போட்ட பிடிக்கு ஒரு காப்புக் கயிறு, அதற்கு மேல் கிடையாது. தமிழ் வீட்டாருக்குத் தெலுங்கு வீட்டார் கட்ட வேண்டும், அவர்களுக்கு நாங்கள். எங்கள் தெருவில் அப்படித்தான். எனக்கு எப்போதும் எதிர்வீட்டு வெங்கடம்மா.

அந்த ஆடியில் அவள் முறத்தோடு வந்தபோது மகள் மல்லிகாவும் கூட வந்தாள், கையில் ஒரு நோட்டு.

"ஏமே தாட்சாயணி, வூட்ல எத்தினி பேரு? போன வருசம் கயிறு பத்தல. அதான் பேரு எழுதிக்கினு வரோம்."

எங்கள் நகரி சென்னை ராஜ்யத்துக்கா, ஆந்திராவுக்கா என்று ஊர் பேசிக்கொண்டிருந்த சமயம். இரண்டு பக்கத்தாரும் தங்கள் தலைகளை எண்ணி மனு எழுதினார்கள். மல்லிகா எழுதியது தெலுங்கு. எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தாள் எங்களையும் தெலுங்குக் கணக்கில் சேர்த்து எந்த அதிகாரியின் மேஜைக்குப் போகுமோ? பெரியவர்களை மறைக்க முடியாது. பிள்ளைகளையாவது அதற்கு வெளியே வைக்க நினைத்தேன்.

மூன்று பேர் என்றேன். மாமியார், கணவர், நான். மூன்று பிடி அள்ளிப் போட்டேன். வெங்கடம்மாவின் பார்வை கொடியில் காய்ந்த இரண்டு சின்னப் பாவாடைகளின் மேல் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் சந்தேகம் குறைந்திருக்கும்.

கூழ் ஊற்றுவதற்கு முதல் நாள், பின்தெருவில் ஒரு குழந்தைக்கு அம்மை கண்டிருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கும் கயிறு வேண்டுமே என்று, ஐந்து பேர் எனச் சொல்லிவிட வெங்கடம்மாவின் வாசல் வரை போனேன். மல்லிகா அந்த நோட்டைப் பிரித்து வைத்து யாருக்கோ வாசித்துக்கொண்டிருந்தாள். திரும்பிவிட்டேன்.

கோயிலில் என் பெண்கள் இருவரும் முதலில் கையை நீட்டினார்கள். வெங்கடம்மா அவர்களுக்குக் கட்டினாள். மூன்றாவது கயிறு மாமியாருக்கு. கணவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நீட்டிய என் கையை மடக்கிக்கொண்டேன்.

வெங்கடம்மா என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"எங்க நோட்டுல மூணு. உங்க வூட்டுக்காரரு எழுதின மனுவுல எத்தினி பேரும்மா?"

ஐந்து. சின்னவளின் கட்டைவிரலை மையில் அழுத்தியது நான்தான். இவளுக்கு யார் சொன்னது?

அடுத்து நான் அவர்களுக்குக் கட்ட வேண்டும். பூசாரி ஏழு கயிறு கொடுத்தார். அவர்கள் வீட்டில் ஏழு பேர்தானா என்று மனம் தன்பாட்டுக்கு எண்ணிப் பார்த்தது. சரியாக இருந்தது. கடைசியாக வெங்கடம்மா கை நீட்டினாள். நான் மூன்று முடிச்சும் போட்டு முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டு போனாள்.