தொட்டதே இல்லை

எலும்பு முறிவு வார்டின் மூன்றாம் கட்டிலில் படுத்திருந்தார் கோட்டு மாஸ்டர். கோட்டு தைப்பதில் கெட்டிக்காரர் என்பதால் வந்த பெயர். அன்று காலை கடைப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. விவரம் எழுதிக்கொண்டே வந்த நர்ஸ், "குடிப்பழக்கம் உண்டாம்மா?" என்று அவர் மனைவியைக் கேட்டாள்.

மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்திலேயே சம்பந்தியம்மா நிற்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இருபது வருஷமாக அரை பாட்டில் உள்ளே போகாமல் மாஸ்டர் சாயங்காலம் வீடு திரும்பியதில்லை. காலையிலும் ஒரு மடக்கு போனால்தான் ஊசியில் நூல் ஏறும். இதையெல்லாம் சம்பந்தி முன்னால் சொல்ல முடியுமா?

"சேச்சே! அவரு அதைத் தொட்டதே இல்லைங்க."

மறுநாள் மாஸ்டரின் கை வெடவெடவென்று நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. வலி தாங்காமல்தான் என்று மனைவி துடைத்துவிட்டாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்கூட. இப்படியே நாலு நாள் குடிக்காமல் கிடந்தால் அந்தச் சனியன் தானாக விட்டுத் தொலையும் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அப்படி இல்லை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மூன்றாம் நாள் மாஸ்டர் வெறும் விரல்களால் காற்றில் ஊசி கோத்தார். போர்வையை அளந்தார். "தோள் பதினேழு, கை இருபத்திநாலு, எழுதிக்கோ!" என்று சுவரைப் பார்த்து அதட்டினார்.

"இங்கயும் வேலைதானா?" என்று சம்பந்தியம்மா சிரித்தாள். மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

நர்ஸ் சிரிக்கவில்லை. "மறைக்காம சொல்லுங்கம்மா, குடிப்பாரா? எதனால இப்படின்னு டாக்டர் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்காரு."

"அதான் இல்லைன்னு சொன்னேனே! எத்தனை தடவை கேப்பீங்க?"

மதியம் வலிப்பு வந்தது. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கியது. அப்போதுதான், "குடிப்பாரு, தினமும் குடிப்பாரு!" என்று வார்டே கேட்கும்படி அலறினாள். ஊசி போட்டார்கள், குழாய் வைத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. சாயங்காலம் மாஸ்டர் போய்ச் சேர்ந்தார்.

"தினம் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா சில பேருக்கு உடம்பு தாங்காதும்மா" என்றார் டாக்டர். "கை நடுக்கம், வேர்வை, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, எல்லாமே அதோட அறிகுறிதான். இதுக்கு மருந்து இருக்கு. முதல் நாளே தெரிஞ்சிருந்தா குடுத்திருப்போம்."

சம்பந்தியம்மா மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏன் மறைச்சீங்க? சம்பந்தம் பேச வந்த அன்னைக்கே எங்களுக்குத் தெரியுமே!"

"தெரிஞ்சுமா நீங்க வாயத் திறக்கல?"

"நீங்களே இல்லைன்னு சொல்லும்போது, நான் எப்படிச் சொல்றது..."

மனைவி அவள் கையை மெல்ல விலக்கினாள். "உங்களுக்கு நானும் எனக்கு நீங்களும் மரியாதை பாத்தே அவரைக் கொன்னுட்டோம் சம்பந்தியம்மா. டாக்டர்கிட்ட குடியை மறைச்சா மானமும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டாங்க."