தெருவுக்கு மேலே ஒரு பாடை

மேலவரம்பூரில் செத்துப்போன சாமிக்கண்ணு ஊர்த்தெருவைக் கடக்க ஏழு வருஷம் எடுத்துக்கொண்டார். தெரு ஒன்றும் நீளமில்லை. ரேஷன் கடையில் பீடி பற்றவைத்தால் மறுமுனையில் கோவிந்தசாமி வீடு வருவதற்குள் பாதிகூட எரிந்திருக்காது. அவர் கடந்தது பாடையில் படுத்தபடி, ஆகாயத்தில், தெருவிளக்கு உயரத்தில்.

உயிரோடு இருந்தவரை அவர் காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். காலனிக்காரர். காலனிப் பிணங்கள் வாய்க்கால் கரை வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போகும், ஊர்த்தெருவில் போகாது. ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்பார்கள். அவர் செத்த கார்த்திகையில் வீராணம் ஏரி நிரம்பி வாய்க்கால் கரை கழுத்தளவு தண்ணீரில் முழுகிப்போனது. கடலூரில் வக்கீல் ஒருவரிடம் ஜூனியராக இருந்த மகள் வெண்மதி, ஊர்த்தெரு வழியாகவே போவோம் என்று சொல்லிவிட்டாள். ரேஷன் கடை முனையில் கோவிந்தசாமி ஆட்களோடு வந்து நின்று மறித்தார். மனுஷர் பொல்லாதவர் இல்லை, காலனிப் பிள்ளைகளைத் தன் பம்புசெட்டில் குளிக்க விடுகிறவர்தான். அப்படிப்பட்டவர் ஏன் மறித்தார் என்பது அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

போலீஸ் வந்து பாடையை இறக்கச் சொன்னது. முன்தோள் கொடுத்திருந்த எழிலன், சாமிக்கண்ணுவின் அண்ணன் மகன், முடியாது என்றான். "நடுவழியில எறக்கப்படாது சார். தூக்குனா சுடுகாட்டு மேடைலதான் எறக்கணும்." அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான், இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். ஆனாலும் தடி சுழன்றது. தூக்கியிருந்த நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பாடை மட்டும் வழக்கத்தை மீறவில்லை. தோள் இல்லாமலேயே நின்றது, பிறகு மெல்ல உயர்ந்தது.

தீயணைப்பு வண்டி வந்து ஏணி போட்டுப் பார்த்தது. நெய்வேலிப் பக்கமிருந்து கிரேன் வந்தது. பாடை அசையவில்லை. பிணம் நாறவும் இல்லை, கழுத்துச் சாமந்தி வாடவும் இல்லை. தன் இஷ்டத்துக்கு மட்டும் நகர்ந்தது. பொங்கலுக்கு ரேஷன் கடை மேல் இருந்தது, ஆடி மாதம் பழனிவேல் வீட்டு ஓட்டுக்கு மேல் வந்திருந்தது. ஆரம்பத்தில் தெருக்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு அதன் கீழே போனார்கள். பிறகு வெயில் காலத்தில் அதன் நிழலில் வண்டியை நிறுத்தப் பழகிக்கொண்டார்கள்.

உலகம் வந்தது. ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைச் சபையிலிருந்து வந்த அம்மையார் ஒருவர் சிதம்பரத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, தினமும் காரில் வந்து அண்ணாந்து பார்த்தார். செத்தவருக்கு மனித உரிமை உண்டா என்பது அவருக்குச் சந்தேகம். உண்டென்றால், தெருவுக்கு மேலே இருக்கும் ஆகாயம் தெருவில் சேர்ந்ததா என்பது அடுத்த சந்தேகம். சேர்ந்தது என்றால் சாமிக்கண்ணு தெருவில் போய்க்கொண்டிருக்கிறார், ஆகவே மீறல் இல்லை. சேராதென்றால் தெரு அவருக்கு இன்னும் மறுக்கப்படுகிறது. இதைக் கேட்ட காலனிக்காரர்கள் டீயை ஆறவிட்டுவிட்டு யோசித்தார்கள்.

பெரிய நாடு ஒன்று நம்மைக் கண்டித்தது. அதே வாரம் அது தன் கடற்கரைக்கு வந்த அகதிப் படகைத் திருப்பி அனுப்பியது. இன்னொரு நாடு நமக்காகப் பரிந்து பேசியது, அதன் தெருக்களிலும் எடுக்க விடாத பிணங்கள் கிடந்தனவாம். நம் அரசாங்கமோ, இது உள்நாட்டு விவகாரம், அப்படி ஒரு பாடையே கிடையாது, அது திருப்திகரமாக முன்னேறி வருகிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னது. வெண்மதியை ஜெனீவாவுக்குக் கூப்பிட்டார்கள். பேச ரெண்டு நிமிஷம் கொடுத்தார்கள். "எங்க அப்பாவ எங்க தோள்ல தூக்கிட்டு அந்தத் தெருவுல நடந்து போவணும், அவ்வளவுதான்" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். தீர்மானம் வருகிற நேரத்தில் இறால் ஏற்றுமதிப் பேச்சு குறுக்கே வந்து அதைத் தள்ளிவைத்தது. யார் தங்கள் பக்கம் என்று காலனிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எனக்கும்தான்.

ஏழாம் வருஷம் பங்குனியில் பாடை கோவிந்தசாமி வீட்டையும் தாண்டி, சுடுகாட்டு மேடைக்கு வந்து, தோளுயரத்துக்கு இறங்கி நின்றது. தெரு கடக்கப்பட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று அரசாங்கம் அறிவித்தது. ஜெனீவா பாராட்டியது. கொள்ளி வைத்து முடிக்கச் சொல்லி அதிகாரிகள் வெண்மதியை அவசரப்படுத்தினார்கள்.

"அப்பா போயிட்டாரு. நாங்க போவலியே சார்" என்றாள் அவள். எழிலனைப் பார்த்தாள். "வீட்டுக்குத் தூக்குங்க. மொதல்லேர்ந்து கெளம்புவோம்."

பழைய நாலு பேரில் ஒருவன் திருப்பூர் போய்விட்டிருந்தான். அந்தத் தோளுக்கு வெண்மதியே போனாள். இத்தனை வருஷம் காற்றில் கிடந்த பாடை தோளில் ஏறியதும் ஒரு முழு ஆளின் கனம் கனத்தது. எலும்பு வலித்தது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

ஊர்த்தெருவின் கோவிந்தசாமி வீட்டு முனையில் அவர்கள் நுழைந்தபோது இன்ஸ்பெக்டர் கடலூரில் மேலதிகாரிக்குப் போன் போட்டார். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பிணத்தைத் தடுக்க உத்தரவு உண்டு. சுடுகாட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற பிணத்துக்கு உத்தரவு இல்லை, யாரும் அப்படி வந்ததில்லை. கோவிந்தசாமி வாசலில் நின்று வாயைத் திறந்தார். எதைச் சொல்லி மறிப்பதென்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

பாடை தாண்டியதும் அவர் மனைவி ஞானாம்பாள் குடத்தோடு வந்து வாசலில் தண்ணீரைக் கொட்டினாள். எழிலனுக்கு முகம் சிவந்தது. "தீட்டுன்னு கழுவுறீங்களா?"

"எங்க மாமனாரு போனப்பவும்தான் ஊத்துனேன். எந்தப் பொணம் போனாலும் வாசல்ல தண்ணி ஊத்தணும்ல? நின்னு பேசாத தம்பி, அந்தப் பொண்ணுக்குத் தோளு வலிக்கும்."

அன்று சாமிக்கண்ணு தன் வீட்டில் கிடந்தார். மறுநாள் காலையில் பறையடித்துக்கொண்டு மறுபடி புறப்பட்டார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் குடம் தயாராக இருந்தது. கடைசி வீட்டுக் கோவிந்தசாமி அடிபம்பை அடித்துக்கொண்டிருந்தார். குடம் இன்னும் நிறையவில்லை. பாடையைக் கொஞ்சம் மெதுவாக வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.