பதினான்காம் எண் வீட்டுப் படிவம்

ஊசியா சிரப்பா என்பதை மூடிய உறைதான் முடிவு செய்யும். வட ஆஸ்திரேலியாவிலுள்ள எங்கள் பழங்குடி ஊர்ப் பிள்ளைகளின் சீழ்ப்புண்ணுக்கு எந்த ஆன்டிபயாட்டிக் நல்லது என்று சோதிக்க மெல்பர்னிலிருந்து வந்திருந்தாள் நர்ஸ் கிர்ஸ்டன். ஜார்லீனின் உறையில் சிரப் வந்தது. ஊசிக்குப் பயந்து மேசைக்கடியில் ஒளிந்திருந்தவள் வெளியே வந்து ஆடினாள்.

ஜார்லீன் என் தங்கையின் மகள். தங்கையின் பெயரை எழுத மாட்டேன். எங்களில் அண்ணன் தங்கையின் பெயரைச் சொல்வதில்லை, அவளோடு பேசுவதில்லை, அவள் இருக்கும் வீட்டுக்குள் நுழைவதில்லை.

"பதினாலாம் நம்பர் வீடு உனக்கு, லிண்ட்சே. மருந்த எப்படிக் குடுக்கணும்னு அம்மாகிட்ட சொல்லிட்டு டிக் போட்டுரு," என்றாள் கிர்ஸ்டன்.

"அந்த வீட்டுக்கு நான் போகக் கூடாது. மெல்வா வரட்டும்."

என் மனைவி மெல்வாவுக்கும் என்னோடு கிளினிக்கில்தான் வேலை. ஒரு சாவுக்காகப் பக்கத்துத் தீவுக்குப் போயிருந்தாள்.

"ஏன், சண்டையா?"

"சண்டையில்ல. தங்கச்சி வீடு."

"அப்ப இன்னும் சுலபம்! மூணு நிமிஷ வேலைப்பா. மருந்து இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

போனேன். படியில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, அம்மா கதவுகிட்டதான் இருக்கு. கார் பக்கம் திரும்பிக்கோங்க," என்றாள் மூத்தவள்.

திரும்பிக்கொண்டு, பாட்டிலைப் பின்பக்கமாக நீட்டினேன். "காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி, மூணு நாள். அம்மாகிட்ட சொல்லு."

"எதுக்கு மாமா?"

"புண்ணுக்கு."

ஜார்லீனுக்கு மட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்து பேர் காலிலும் அதே புண்தான். பிள்ளைகள் முன்னால் அப்படி ஒரு சொல்லை எங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தாயிடம் சொல்லியிருக்க வேண்டியது அது. காரில் உட்கார்ந்து, 'தாயிடம் விளக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

ஏழாம் நாள் கிர்ஸ்டன் புண்ணைப் படம் எடுத்தாள். பாதி காய்ந்திருந்தது. "மெதுவா ஆறுது," என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஜார்லீனின் முகம் வீங்கியது. சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனது. புண்ணின் கிருமியால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டார்வினிலிருந்து விமானம் வந்தது. தங்கை மகளோடு ஏறும்வரை நான் விமானத் திடலின் ஓரம் டீசல் பீப்பாய்களுக்குப் பின்னால் நின்றேன்.

தங்கை வீட்டில் விசாரித்துவிட்டு மெல்வா வந்தாள்.

"பாட்டில் அன்னிக்கே காலியாம். அஞ்சு பேருக்கும் மாத்தி மாத்திக் குடுத்திருக்கா. ஒருத்திக்குத்தான்னு யாரும் சொல்லலியாம்."

"நான் எப்படிடி அவகிட்ட சொல்லுவேன்?"

"அப்ப டிக் மட்டும் எப்படிப் போட்ட?"

மறுநாள் கிர்ஸ்டனிடம் படிவத்தைக் கேட்டேன். "அழிக்கக் கூடாது. ஒரு கோடு இழுத்து, பக்கத்துல கையெழுத்து, தேதி," என்றாள். டிக்கின் மேல் கோடு இழுத்து, 'சொல்லவில்லை' என்று எழுதினேன். வாசித்துவிட்டு அதைக் கோப்பில் வைத்தாள்.

"மருந்த ஒழுங்காக் குடிச்ச பிள்ளைங்கள வெச்சுதான் முடிவு சொல்லுவாங்க. இவ அதுல வரமாட்டா."

"அவளுக்கு ஆனது?"

"அதுவும் வராது."

பிறகு என்மேல் இரக்கப்பட்டாளோ என்னவோ, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என் கையில் திணித்தாள். "உன் தங்கச்சிதான். மன்னிப்பாவது கேளு."

"யாரு?" என்றது குரல். மறுபடி, "யாரு? மெல்வாவா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கமும் பேச்சு நின்றது. புரிந்துகொண்டாள் போலும், இணைப்பைத் துண்டித்தாள்.

ஜார்லீனுக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள் என்பதைச் சாயங்காலம் மெல்வா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.