கதவுக்கு அந்தப் பக்கம்

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. அடுத்தவர் வீட்டுச் சிரிப்பையெல்லாம் கணினியில் போட்டுச் சரிசெய்துகொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். போன வருஷம் ஒரு மத்தியானம் வாசல் மணி அடித்தது. "பார்சல்" என்றான் ஒருவன். திறந்தேன். என்னைச் சமையலறைத் தரையில் உட்கார வைத்து, கத்தியைக் காட்டிக்கொண்டே வீட்டைத் துழாவினான். லேப்டாப்பும் போனும் போயின. சாயங்காலம் என் கணவர் வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அவன் போய் வெகுநேரமாகியும் நான் அதே தரையில்தான் இருந்தேன். அவர்தான் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். கத்தி என் மேல் படவே இல்லை. பட்டிருந்தால் ஊருக்குக் காட்ட ஒரு தழும்பாவது இருந்திருக்கும்.

தழும்பு இல்லாதவளுக்கு இரக்கம் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதற்கப்புறம் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான்: "இன்னுமா?" அம்மா போனில் கேட்டாள். நாத்தனார் நேரில் வந்து, என் கதவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள். மூன்று தாழ்ப்பாள், ஒரு சங்கிலி. கோட்டையா கட்டியிருக்கிறேன், கதவுதானே!

என் கணவர் மட்டும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனுஷர். அவர் மணி அடித்தால் நான் உடனே போக மாட்டேன். முதலில் அடுப்பை அணைப்பேன். படுக்கையறை ஜன்னலுக்குப் போய்க் கீழே அவர் வண்டி நிற்கிறதா என்று பார்ப்பேன். திரும்பி வந்து கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் கேட்பேன். அதற்குள் ஒரு முட்டையே வெந்துவிடும். கடைசியில் கதவுத் துளையில் கண்ணை வைத்தால், எதிர்ச் சுவரோரம் தள்ளி நின்றுகொண்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். வாயால் கேட்காததைக் கையால் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்ததும் சிரிப்பார், கடையில் நடந்ததைச் சொல்வார். நானும் சிரிப்பேன். ஆனால் என்றைக்கு அந்தக் கை வாயாகுமோ என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சொன்னால்தானே எல்லோருக்கும் அலுக்கிறது, படமாக எடுத்தால் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று ஒரு குறும்படம் எழுதினேன். ஒரு பெண், ஒரு கதவு. புருஷன் தினமும் மணி அடிக்கிறான், காத்திருக்கிறான், சலித்துப்போய்க் கையை விரிக்கிறான். ஒரு நாள் படியிறங்கிப் போய்விடுகிறான், திரும்பி வரவில்லை. இந்த முடிவை மட்டும் என் கணவரிடம் சொல்லவில்லை. "என்ன கதை?" என்று கேட்டபோது, "ஒரு பொண்ணு கதை" என்றேன். "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றார். "இருக்காங்க, சும்மா வந்து போவாங்க" என்று சமாளித்தேன்.

நாயகியாக என் தங்கை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களைப் பார்த்து நாளெல்லாம் சிரிப்பவள், நடிப்புக்கு அதைவிடப் பயிற்சி வேண்டாம். கேமராவுக்கு, கல்யாணங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பும் பையன், தாடி என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் வேஷத்துக்குத் தங்கையின் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பையன். நேரில் பார்ப்பதற்கு முன்னாலேயே அவனுக்கு 'ஹீரோ' என்று பெயர் வைத்துவிட்டோம்.

காலையிலேயே தலைவலி ஆரம்பித்தது. தாடி விளக்குகளைப் போட்டதும் எங்கள் வீட்டு ஃபியூஸ் போனது. பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்றான். தடித்த கறுப்பு ஒயர் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. கதவைச் சாத்த முடியாது. ஒரு வருஷமாகச் சாத்தியே பழகியவள், திறந்த கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு "ஆக்‌ஷன்" சொல்ல வேண்டும். படியில் யாராவது செருப்பைத் தேய்த்தால் என் கழுத்து தானாகத் திரும்பியது. கேமராவில் தெரிவதைக் காட்டும் டேப்லெட் கையில் வழுக்கியது. தங்கை அழுத காட்சியை நான் பார்க்கவே இல்லை. நன்றாக அழுதாள் என்று தாடி சொன்னான்.

என் கணவர் அன்று கடைக்கு லீவு போட்டிருந்தார், எங்களுக்கு டீ போட்டுக் கொடுப்பதற்காம். டீயைக் கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு ஸ்டூலை எடுத்துப் போய் வாசலில் போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் எனக்கு டேப்பில் என்ன ஓடுகிறது என்றே கண்ணுக்குத் தெரிந்தது.

மத்தியானம் தங்கையின் போன் அடித்தது. பேசிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஹீரோவுக்கு வயிறு சரியில்லையாம். பாத்ரூமை விட்டு வர முடியலையாம்."

"கேமராவைச் சாயந்தரம் திருப்பிக் குடுக்கணும் அக்கா" என்றான் தாடி. "இன்னொரு நாள் கிடைக்காது."

"அப்ப மாமாவே நடிக்கட்டுமே" என்றாள் தங்கை. "மாமா மாதிரி நடிக்க மாமாவை விட்டா யாரு இருக்கா?"

"எனக்கு நடிப்பா?" என்று அவர் ஸ்டூலிலிருந்தே சிரித்தார். "சரி, என்ன பண்ணணும்?"

நான் "தாடி, இரு" என்பதற்குள் அவன் கடகடவென்று ஒப்பித்துவிட்டான். "ஈஸி சார். மணி அடிக்கிறீங்க. அவங்க தெறக்கல. கையை விரிக்கிறீங்க. இதுக்கு மேல முடியாதுன்னு எறங்கிப் போயிடுறீங்க. அவ்வளவுதான் படம்."

"திரும்பி வரவே மாட்டானா?"

"மாட்டான் சார். அதான் கிளைமாக்ஸே."

அவர் என்னைப் பார்த்தார். நான் டேப்பைத் துடைக்க ஆரம்பித்தேன். பிறகு அவர் எழுந்து போய், குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"சரி, பண்ணிடலாம்" என்றார்.

எந்தச் சரி அது? கோபத்தில் ஒரு சரி உண்டு, விட்டது தொல்லை என்று ஒரு சரி உண்டு. அவர் ஹெல்மெட்டையும் கடைப் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே போகிறவரை அந்த ஒரு சொல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஃபியூஸைச் சரிசெய்துவிட்டு ஒயரை உருவினார்கள். தாடி மேல் மாடிக்குப் போகும் படியில் கேமராவோடு உட்கார்ந்தான். கதவைச் சாத்தி எல்லாத் தாழ்ப்பாளையும் போட்டேன். உள்ளே தங்கை கதவருகில் நின்றாள், நான் பக்கத்தில். வெளியே நடப்பது என் கையிலிருந்த டேப்பில் தெரிந்தது.

"சார், வழக்கமா எப்படி வருவீங்களோ அப்படியே வாங்க" என்றான் தாடி.

அவர் ஏறி வந்தார். கடைசிப் படிக்கு முன்னால் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார், முகம் தெரிகிற மாதிரி முடியை ஒதுக்கிக்கொண்டார். பையையும் ஹெல்மெட்டையும் படியோரம் தள்ளி வைத்தார். ஜன்னல் இல்லாத படிக்கட்டு, பகலிலும் இருட்டு; விளக்கின் பொத்தானை அழுத்தினார். மணியை ஒரே ஒரு தரம் அடித்துவிட்டு, பின்பக்கமாக நடந்து எதிர்ச் சுவரில் முதுகு படும்வரை போனார். விளக்குக்கு நேர் கீழே நின்று, இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளி, உள்ளங்கை கதவைப் பார்க்க வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். விளக்கு தானாக அணைந்தது. போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு, ஓடி வந்து மறுபடியும் அதே இடத்தில் நின்றார்.

"சார், சார்" என்றான் தாடி. "ஏன் அவ்வளவு தூரம் போறீங்க? கதவுகிட்ட நில்லுங்க."

"கிட்ட நின்னா தொளையில மூஞ்சி மட்டும்தான் தெரியும். பின்னாடி யாரும் இல்லன்னு அவளுக்குத் தெரியணும்ல."

"லைட்டை ஏன் திரும்பத் திரும்பப் போடுறீங்க?"

"அது தானா அணைஞ்சுடும்பா. அவ பார்க்குற நேரத்துல இருட்டா இருந்தா பயந்துடுவா."

"சரி, கையாவது சலிப்பா விரிங்க. ஸ்கிரிப்ட்ல அப்படித்தான் இருக்கு."

"சலிப்பாவா?" அவர் தன் கைகளையே குனிந்து பார்த்தார். "கையில ஒண்ணும் இல்லன்னு காட்டுறேன். தெனமும் அதுக்குத்தானே."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அக்கா" என்றாள். நான் டேப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இப்படி நிற்கிற மனுஷரைத்தான் நான் படத்தில் ஓட வைத்திருக்கிறேன், அதுவும் இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "போற சீனையும் எடுத்துடலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ, "எழுதினபடியே எடுத்துக்கோப்பா, நேரமாகுது" என்று அவர் தாடியிடம் சொன்னார்.

மறுபடியும் மணி. மறுபடியும் விளக்கு, சுவர், கை. கதையில் எழுதியிருந்தபடி தங்கை திறக்காமல் நின்றாள். அவர் காத்திருந்தார். பிறகு கையை மெதுவாகக் கீழே போட்டார். பையை எடுத்தார், ஹெல்மெட்டை எடுத்தார், இறங்கினார். எனக்கு நடிப்பா என்று சிரித்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் ஒரு மாடி, இன்னொரு மாடி என்று தேய்ந்து நின்றுபோனது.

ஆளில்லாத வாசலைக் கொஞ்ச நேரம் காட்ட வேண்டும் என்று நான்தான் எழுதியிருந்தேன். தாடி காட்டிக்கொண்டிருந்தான். விளக்கு அணைந்தது. போட ஆளில்லை. டேப் முழுக்க இருட்டு.

"அக்கா, கட் சொல்லு" என்றாள் தங்கை.

வண்டிச் சாவி அவரிடம் இருக்கிறது. பர்ஸ் இருக்கிறது. ஒரு வருஷம் நின்ற மனுஷரை இன்றைக்குப் போகச் சொல்லியாயிற்று, அதுவும் என் கையாலேயே எழுதி. மேல் தாழ்ப்பாள், நடுத் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். சங்கிலியில் விரல் சிக்கிக்கொண்டது, இழுத்தேன், தோல் உரிந்தது. துளையில் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு இருட்டுக்குள் ஓடினேன்.

"ஃப்ரேமுக்குள்ள வந்துட்டீங்க அக்கா!" என்று தாடி கத்தினான்.

இரண்டு மாடிக்குக் கீழே, படி திரும்புகிற இடத்தில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கட் சொல்லிட்டியா? எனக்குக் கேக்கவே இல்லையே."

"சொல்லல."

"பின்ன எதுக்கு ஓடி வந்த? விரல்ல ரத்தம் வருது பாரு."

எனக்கு மூச்சு வாங்கியது. "நீங்க வாசல்ல கையை விரிச்சுட்டு நிப்பீங்கல்ல. 'இன்னுமா'ன்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன். இத்தனை நாளும் அப்படித்தான் நெனச்சேன்."

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. என் விரலைப் பிடித்துத் தன் சட்டை நுனியில் அழுத்திக்கொண்டார்.

"நான் எப்படிம்மா அப்படிக் கேப்பேன்? காலையில நீ எல்லாத் தாழ்ப்பாளையும் போடுற சத்தம் கேட்டாத்தான் என்னால கீழயே எறங்க முடியுது" என்றார். "அன்னைக்குத் தெறந்து கெடந்த கதவைப் பார்த்த பயம், எனக்கே இன்னும் போகலையே."

நான் அதே படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.