எல்லோரும் போனை அணையுங்கள்

அச்சகக் கட்டடம் இடிந்த தெருவில் கூட்டம் விலகவே இல்லை. இடிபாட்டுக்குள் ஆட்களைத் தேடும் இயந்திரத்தை ஓட்டும் பெண்ணுக்கு ஒலிபெருக்கியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. "போனை அணைங்க. தயவுசெஞ்சு எல்லாரும் அணைங்க."

ஆமை என்று அவர்கள் கூப்பிட்ட அந்தச் சின்ன வண்டிக்கு இரண்டு ஏரியல்கள். உள்ளே சிக்கியவர்களின் போன்கள் வை-ஃபை தேடி விடாமல் அனுப்பும் அலைகளைப் பிடித்து, அவை வலுக்கும் பக்கமாகப் போகும். வெளியே இத்தனை போன்கள் இருந்தால் அதற்கு எதுவும் பிடிபடாது.

ஒவ்வொன்றாக அணைந்தன. ஓட்டுபவளின் கையிலிருந்த திரையில் ஒன்று மட்டும் அடங்கவில்லை. வாசல் பக்கம்தான். போய்ப் பார்த்தாள். நடுவயதுக்காரி ஒருத்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அணைச்சிடுங்க."

"உள்ள என் தம்பி இருக்கான். பைண்டிங்ல வேலை. அவன் கூப்பிட்டா?"

"லைன் கிடைக்குதா?"

"இல்ல. ஆனா எப்ப வேணா கிடைக்கலாம்ல?"

"அவர் போன் போடற சத்தம் ஆமைக்குக் கேக்கும். உங்க போன் அதை அமுக்கிடுது."

அக்கா போனை நீட்டினாள். "நீயே அணை. என் கையால ஆகாது."

அணைத்ததும் திரையில் மெல்லிய கோடு ஒன்று தலைதூக்கியது. ஆமை காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஊர்ந்தது. கோடு ஏறியது, சட்டென்று விழுந்தது. பின்வாங்கி, படிக்கட்டின் அடியில் திருப்பினாள். மறுபடி ஏறியது. கேமராவில் போன் தெரிந்தது. பிடித்திருந்தது வளையல் போட்ட கை.

அக்காவின் முகம் செத்துப்போனது.

"யாரும்மா நீங்க?" என்று மைக்கில் கேட்டாள் ஓட்டுபவள்.

"பேப்பர் வெட்டற செக்ஷன்." குரல் வறண்டிருந்தது. "போன் பைண்டிங் அண்ணனோடது. வெளிச்சத்துக்குக் குடுத்தாரு. பக்கத்துலதான் இருக்காரு. இவ்வளவு நேரம் பேசிட்டே இருந்தாரு, இப்ப பதில் இல்ல."

தீயணைப்புக்காரர்கள் அங்கேயே துளைத்தார்கள். முதலில் அந்தப் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால், இடுப்பளவு காகிதத்தில் புதைந்து, நினைவில்லாமல், ஆனால் மூச்சோடு அவன்.

ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டே அக்கா திட்டினாள். "இருக்கிற ஒரு போனையும் தூக்கிக் குடுத்துட்டு இருட்டுல கிடந்தியாடா?" அவன் லேசாக முனகினான். அது போதுமாயிருந்தது அவளுக்கு, உட்கார்ந்து அழுதாள்.

இன்னும் இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். ஓட்டுபவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆமையைப் பின்சுவர் பக்கம் திருப்பினாள்.