வலது கண்ணுக்குப் பதினோரு நாவல்கள்

அக்காவின் வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. டாக்டர் அதை ஒட்டினார். ஒட்டியது ஒட்டியபடியே இருப்பதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டார். குமிழி எப்போதும் மேலே எழும்பும். அது கண்ணின் பின்சுவரை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால், பின்சுவர் மேலே இருக்க வேண்டும். ஆகவே முதல் இரண்டு வாரம் குப்புறப் படுக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரம் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம். மாதம் முழுக்க எதையும் படிக்கக் கூடாது.

"நடுவுல தலையைத் தூக்கினா?" என்று அக்கா கேட்டாள்.

"மறுபடி கழண்டுக்கும். அப்புறம் நான் எதுக்கும் பொறுப்பில்லம்மா," என்றார் டாக்டர்.

அக்காவுக்கு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. எள்ளைவிடச் சின்னப் பாகங்களை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துப் பற்றவைப்பாள். அதற்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஒரு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், பற்றவைக்கும் கோலின் முனை சர்க்யூட் பலகையைத் தொட்டதா தொடவில்லையா என்றே தெரியாது. அந்தக் கடையில் அவள் அளவுக்குக் கைவேலை சுத்தமான ஆள் கிடையாது. ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே நாலு முறை எழுந்து போகிறவளும் அவள்தான்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர். காலையில் போனால் மாலையில்தான் வருவார். தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. கோடை விடுமுறையில் ஆய்வகம் பூட்டியிருந்தது. அதனால் அக்காவைக் குப்புறப் போட்டுக் காவல் காக்கும் பொறுப்பு தம்பி தலையில் விழுந்தது.

தம்பி எதையும் எழுதிவைக்கிறவன். முதல் நாள் முதல் ஒரு மணி நேரத்தில் அக்கா ஒன்பது முறை தலையைத் தூக்கினாள் என்று நோட்டில் எழுதினான். காரணங்களையும் எழுதினான்: தண்ணீர், போன், ஃபேன் சத்தம், யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது, சும்மா, சும்மா, சும்மா. மீதி இரண்டுக்கு அவள் காரணம் சொல்லவில்லை. தான் சரியாகத்தான் எண்ணினோமா என்ற சந்தேகத்தில் ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

அன்று மாலை மாமா நூலகத்திலிருந்து மூன்று தடித்த புத்தகங்களோடு வந்தார். மூன்றும் காதல் நாவல்கள்.

"எப்படித் தேர்ந்தெடுத்தீங்க மாமா?"

"கனமா இருக்கிறதா பார்த்து எடுத்தேன் மாப்ளே. சட்டுனு தீராதுல்ல?"

தம்பி அதுவரை வாய்விட்டுப் படித்ததெல்லாம் செய்முறை வகுப்புக்கான அறிவுரைகள்தான். முதலில் அடுப்பைப் பற்றவைக்கவும், பிறகு குடுவையைப் பொருத்தவும் என்கிற அதே குரலில், 'உன் கண்களில் என்னை நான் தொலைத்துவிட்டேன்' என்று படித்தான்.

இரண்டு தலையணைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேய், அவன் காதலைச் சொல்றானா, காணாமப் போன பொருளுக்குப் புகார் எழுதிக் குடுக்கிறானா?"

"இருக்கிறதைத்தான் படிக்கிறேன்."

"புத்தகத்துல உசிரோடதான் இருந்திருக்கும். உன் வாய்க்கு வந்ததும் செத்துப்போகுது பாரு."

ஆனால் தலை எழும்பவில்லை. நாற்பத்திரண்டு நிமிடம். தூங்கிவிட்டாளோ என்று தம்பிக்குச் சந்தேகம். முகம் தெரிந்தால்தானே? பின்னந்தலையைப் பார்த்து ஒன்றும் முடிவுக்கு வர முடியவில்லை.

"அக்கா, முழிச்சிருக்கியா?"

"அவ அந்த வக்கீலைக் கட்டிக்கிறாளா இல்லையான்னு தெரியாம எப்படிடா தூங்குறது? படி."

இரண்டாவது நாவலில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. அது அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. நாயகி எழுதிய கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நாயகன் கப்பல் ஏறினான். அக்கா இரண்டு கையையும் ஊன்றிப் பாதி உடம்பைத் தூக்கிவிட்டாள்.

"இவனை நாலு அறை அறையணும்!"

"அக்கா, கண்ணு!"

"கண்ணு கிடக்கட்டும். அந்த லெட்டரைப் பிரிக்கச் சொல்லுடா அவனை!"

தம்பி அவள் பின்னந்தலையில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினான். சின்ன வயதில் அவள் அவன் தலையில் குட்டியது உண்டே தவிர, அவன் அவள் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு அவனுக்கு ஒன்று விளங்கியது. புத்தகம் மோசமாக இருந்தால் சலிப்பில் எழுந்துகொள்வாள். நன்றாக இருந்தால் கோபத்தில் எழுந்துகொள்வாள். அதிலிருந்து அவள் குளிக்கப் போகும் நேரத்தில் அடுத்த இரண்டு அத்தியாயத்தைத் தான் முதலில் படித்துவைத்தான். அமிலத்தைத் திறக்குமுன் மாணவர்களை எச்சரிப்பது போல எச்சரிக்கவும் செய்தான்.

"அடுத்த பக்கத்துல ஒருத்தன் ஏமாத்தப் போறான். இப்பவே சொல்லிட்டேன். படுத்தே இருக்கணும்."

"யாரு, அந்த அண்ணன்காரனா?"

"ஆமா."

"கதையை உடைச்சிட்டியேடா, பாவி!"

பாவி என்றாளே தவிர எழவில்லை.

இரண்டாவது வாரம் மாமா மாயாஜாலக் கதைக்கு மாறினார். ஒரே கதை, மூன்று பாகம், மூன்றும் செங்கல் மாதிரி. முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. அக்கா அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தம்பி வரைபடத்தை விவரித்தான். வடக்கே மலை, மலைக்குக் கீழே ஆறு, ஆறு கிழக்கே போகிறது, கிழக்கே மேடாக இருப்பதால் அது எப்படிப் போகிறது என்று தெரியவில்லை. இதற்கு மட்டும் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ராஜாக்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் பெரிய ராஜா, சின்ன ராஜா, குதிரைக்காரன் என்று வைத்துக்கொண்டார்கள். டிராகன் ஒரு நகரத்தையே எரித்தபோது அக்கா அசையவில்லை. இரண்டு மணி பத்து நிமிடம். நோட்டில் அதன் கீழே இரண்டு கோடு போட்டான்.

பதினான்காம் நாள் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஒட்டியிருக்கு. நல்லா படுத்திருக்கீங்க. ஆனா பார்வை எவ்வளவு திரும்பும்னு குமிழி கரைஞ்சாத்தான் தெரியும். வராமலும் போகலாம்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா இடது பக்கமாகப் படுத்து, "அடுத்ததை எடு," என்றாள்.

அதன்பிறகு தினமும் காலையில் தம்பி கேட்பான்: "என்ன தெரியுது?" அவள் சொல்வாள்: "தண்ணி." கண்ணுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தண்ணீர்க் கோடு ஆடிக்கொண்டே இருந்ததாம். ஒருநாள் கடையிலிருந்து போன் வந்தது. அவள் நாற்காலியில் தற்காலிகமாக உட்கார வைத்திருந்த ஆளுக்கு ஊசிமுனை இடுக்கி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. "வலது பக்க டிராயர், பஞ்சு டப்பாவுக்குள்ள," என்றாள் அக்கா. போனை வைத்த பிறகு, படி என்று அவள் சொல்லவில்லை. அவனாகவே படிக்க ஆரம்பித்தான்.

நூலகத்தில் கனமானவை தீர்ந்துபோயின. மாடி வீட்டுக் கணக்கு டியூஷன் டீச்சர் ஐந்து நாவல்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தது. "அட்டையைக் கழட்டாதீங்க தம்பி," என்று மட்டும் சொன்னார். படித்துப் பார்த்த பிறகு தம்பிக்குக் காரணம் புரிந்தது.

"அவன் அவளை அருகில் இழுத்தான்," என்று படித்தான். பக்கத்தைத் திருப்பினான். "மறுநாள் காலை மழை பெய்திருந்தது."

"என்னடா இது? இழுத்தான், மழை பெஞ்சுது?"

"நடுவுல ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு."

"எல்லாப் புத்தகத்துலயும் கரெக்டா அந்த இடத்துலதான் ஒட்டுமா?"

"டீச்சர் வீட்டுல ஈரம் போல."

கதவோரம் நின்று சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மாமா, "இருக்கும், இருக்கும்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

இருபத்தேழாம் நாள் பதினோராவது நாவல். அன்று காலையும் அவன் கேட்டான். அவளும் தண்ணி என்றாள். மத்தியானம் தரையில் உட்கார்ந்து, கட்டிலில் முதுகைச் சாய்த்து, மடக்கிய முழங்காலில் புத்தகத்தை வைத்துக்கொண்டான். அக்காவின் தலை அவன் தோளுக்குப் பின்னால் இருந்தது. நாயகனும் நாயகியும் ஆற்றங்கரையில் நனைந்து நின்றார்கள். தம்பி அடுத்த பத்திக்குத் தாவினான்.

"மூணு வரி விட்டுட்ட."

"விடல."

"'ஈரக் கூந்தலிலிருந்து ஒரு துளி அவன் மணிக்கட்டில் விழுந்தது.' அதுலேர்ந்து படி."

தம்பி புத்தகத்தைப் பார்த்தான். அப்படித்தான் இருந்தது.

"படிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?" என்று கோபமாகத் திரும்பினான். அக்காவின் இடது கண் தலையணைக்குள் புதைந்திருந்தது. வலது கண் சிவந்து, நீர் கோத்து, அவன் முழங்காலில் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எந்தக் கண்ணாலக்கா?"

"வெளிய இருக்கிறது ஒண்ணுதானே."

"எப்போலேர்ந்து?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து. மேல் பாதியில மட்டும். எழுத்து கொஞ்சம் வளைஞ்சு தெரியுது. ஆனா தெரியுது."

"காலையில கேட்டேன்ல? தண்ணின்னு சொன்ன."

"தண்ணியும் இருக்கு. தெரியுதுன்னு சொன்னா நீ தள்ளிப் போய் உக்காருவ."

அவன் தள்ளித்தான் உட்காரப் பார்த்தான். ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தான். நோட்டைத் திறந்தான்; எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது என்று தெரியவில்லை. மூடிவைத்தான். மாமாவுக்குப் போன் போட நினைத்தான். அவர் இப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார்.

"ஏன்டா மூக்கை உறிஞ்சுற? அழுற கட்டம் இது இல்ல."

"ஒண்ணுமில்ல."

"அப்போ அந்த மூணு வரியைப் படி."

"கண்ணை மூடு. அப்பத்தான் படிப்பேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். காது இரண்டும் சுட, முதலில் அடுப்பைப் பற்றவைக்கவும் என்கிற குரலில், ஒரு சொல் விடாமல் தம்பி அந்த மூன்று வரியையும் படித்தான்.