சத்தத்தை மட்டும் சொல்லு

மராத்திக்காரர்கள் ஊரான போபோடியில் பவுனின் கணவர் லூர்துசாமி நடத்தும் ஸ்கூட்டர் மெக்கானிக் கடையில் ஒரு சட்டம் உண்டு. வண்டி கொண்டுவருகிறவர் இது போச்சு, அது போச்சு என்று சொல்லக் கூடாது. சத்தத்தை மட்டும் சொல்ல வேண்டும். “பிளக் போச்சு” என்று யாராவது ஆரம்பித்தால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மராத்திக்காரர் ‘கட்கட்’ என்பார், இந்திக்காரர் ‘கிர்ர் கிர்ர்’ என்பார், நம்மவர் ‘கடமுட’ என்பார். எந்த மொழிச் சத்தமானாலும் அவருக்குப் பழுது எங்கே என்று பிடிபட்டுவிடும்.

அப்பேர்ப்பட்டவர்தான் பவுனை டாக்டரிடம் கூட்டிவந்திருந்தார். பத்து நாளாக அவளுக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. படியேறினால் கண்ணைக் கட்டியது. பவுனின் மராத்தி காய்கறி வாங்க மட்டுமே காணும். டாக்டரம்மாவுக்கோ தமிழ் சுட்டுப்போட்டாலும் வராது.

என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டதும் லூர்துசாமி முந்திக்கொண்டார்.

“கேஸ் டிரபிள்தான் மேடம்” என்றார் மராத்தியில்.

டாக்டர் மாத்திரை எழுதத் தொடங்கினார். பவுனுக்குப் பகீரென்றது. இந்தச் சீட்டோடு வீட்டுக்குப் போனால், இவர் மறுபடி கடையைப் பூட்டிவிட்டு வரவா போகிறார்?

“உங்க கடையில இப்படிச் சொன்னா ஒத்துப்பீங்களா?” என்றாள்.

பவுன் நெஞ்சில் கை வைத்தாள். “தட்... தட்...” என்றாள். நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேசையில் விரல்களால் அடித்தபடி, “படபடபட” என்றாள்.

டாக்டரின் பேனா நின்றது. “தட்தட்?” என்று தன் நெஞ்சைத் தொட்டார், நடுவில் நின்றுபோகிறதா என்று கையால் கேட்டார். பவுன் தலையாட்டினாள்.

உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தது. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். லூர்துசாமி அதைப் பவுனுக்குத் தமிழில் சொன்னார்.

ஆறாம் நாள் பவுன் வீடு திரும்பினாள். மறுநாள் காலை அவர் கடைக்குக் கிளம்பியவர், கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

“இப்ப எப்படி இருக்கு?”

“பரவால்லங்க.”

“அதெல்லாம் வேணாம். சத்தத்தச் சொல்லு.”

பவுனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. முப்பது வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறார்.

“டொக்... டொக்... டொக்...”

கீழே யாரோ ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

“இன்னொரு வாட்டி சொல்லு” என்றார்.